உடையார்குடிக் கல்வெட்டும் மூன்று தாயரும்

சோழர் வரலாற்றில் ஆதித்த கரிகாலன் கொலையைப் போலப் பன்முறை ஆராயப்பெற்ற நிகழ்ச்சிகள் சிலவே. கொன்றார் யாவர், அவர்க்குப் பின்னின்று கொல்வித்தார் உளரோ, உளராயின் அவர் யாவர் என்னும் வினாக்களே அவ்வாராய்ச்சிகளிற் பெரிதும் இடம்பெற்றன. 1935 இல் வெளிவந்த தம் சோழர் வரலாற்றில் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தமசோழன் மீது ஐயம் கொண்டார். 1949 இல் பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதியை வெளியிட்ட தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதையாக வெளிவந்தபின் இவ்வழக்கு அறிஞர் கையினின்று ஊரார் கைக்குச் சென்றுவிட்டது. ரவிதாசன் என்னும் பெயரை இன்று அறியாத தமிழர் அரியர்.

பெரிய நங்கைச் சாணி என்னும் பெயரை அறிந்தாரும் அவ்வாறே அரியர். ஆயினும் அப்பெயரும் அவ்வழக்கின் தலையாய சான்றாகிய அதே கல்லிற்றான் பொறிக்கப்பட்டுள்ளது. கொலைஞரைத் தேடிக் கல்வெட்டைப் படிப்பார்க்கு இப்பெண்ணின் பெயர் பொருட்டாகத் தோன்றுவதில்லை. சொத்துக்கணக்கில் வரும் ஒரு பெயராகவே அவர் அதனைக் கடந்து செல்வர். இக்கட்டுரை கொலைஞரைத் தேடப் புகுந்ததன்று. ஒரு கொலை எவ்வெத் தாயரைச் சென்று பற்றியது, அவரைப் பற்றிக் கல்லும் செப்பேடும் எதனைச் சொல்லி எதனைச் சொல்லாது விட்டன என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வழக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். சுந்தரசோழன் என்னும் இரண்டாம் பராந்தகன் 957 ஐ ஒட்டி அரியணை ஏறி 973 அளவில் மறைந்தவன். அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். இளமையிலேயே வீரபாண்டியனொடு பொருதவன். சிங்கக்குருளை மதயானையொடு விளையாடியது போல அப்போர் இருந்தது என ஆனைமங்கலச் செப்பேடு அவனைப் புகழ்கின்றது. பாண்டியன் தலையைக் கொண்டவன் என்பதே அவனுக்குரிய சிறப்பு அடை. அவ்வீரபாண்டியன் தானும் சோழன் தலைகொண்டவன் என்னும் அடையைத் தரித்தவனே. இவ்வாறு ஒருவர் தலையை ஒருவர் கொண்டமை மெய்க்கீர்த்திக்குரிய செய்தியாயிருந்த காலம் அது. 970 ஐ ஒட்டி ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். தந்தை மறைந்தபின் தம்பி அருண்மொழி உடனே அரசு பெற்றிலன். சிறிய தந்தை முறையினனாகிய உத்தமசோழனே 985 வரை ஆண்டான். அதன் பின்னரே அருண்மொழி இராசராசனாக முடி சூடினான்.

குடும்பத்தார் தம் இழப்பை எவ்வாறு கூறினர் என்பது நோக்கற்பாலது. இராசேந்திரனின் 6 ஆம் ஆட்சியாண்டிற்குரிய திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, ஆதித்தன் வானுலகைக் காணும் விருப்பால் மறைந்தான் என மங்கலமாகச் சொல்லி அமைகின்றது. கொலை என்னும் சொல்லோ பகைவர் பெயரோ அங்கு இல்லை. அரச குடும்பம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் தன் மரபினை உரைக்குமிடத்து மறைத்த செய்தியை, ஓர் ஊர்ச்சபைக்கு விடுத்த திருமுகம் வெளிப்படையாகச் சொல்லிற்று. அத்திருமுகம் இருத்தலினாலேயே இக்கொலை நமக்குத் தெரிய வந்தது.

கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ளது உடையார்குடி. முதற் பராந்தகன் பெயரால் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய பேரூரின் பகுதி அது. இன்று வீராணம் என வழங்கும் ஏரியும் அப்பெயரின் சிதைவே. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிற் சுவரில் அமைந்த இக்கல்வெட்டு 1920 ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பெற்றது. கோ இராசகேசரிவர்மரின் 2 ஆம் ஆட்சியாண்டு, எனவே 986 – 987, அதன் காலமாகும். அவ்வூர்ப் பெருங்குறிப் பெருமக்களுக்கு வந்த சக்கரவர்த்தி ஸ்ரீமுகம் முதலில் அதனுள் எடுத்தெழுதப்படுகின்றது. கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளானவர் எனச் சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரமாதிராசனாகிய ரவிதாசன், அவன் தம்பி இருமுடிச்சோழப் பிரமாதிராசனாகிய பரமேசுவரன் என்போர் பெயர் சுட்டப்பெறுகின்றனர். உடன்பிறந்த மலையனூரானும் அவரோடு எண்ணப்படுகின்றான். பிரமாதிராசன் என்பது அந்தணராகிய அரசு அலுவலர்க்கு வழங்கிய பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறித்தலின் பாண்டியன் பொருட்டு நிகழ்ந்த பழிவாங்கல் இஃது என்பாரும், இருமுடிச்சோழன் என்பது சோழர் தந்த பட்டமாதலின் அரண்மனைக்குள்ளேயே வேர் இருந்தது என்பாரும் உளர். பட்டங்களை மட்டும் வைத்து மனக்கருத்தை அளக்கப் புகுதல் எத்துணைப் பொருந்தும் என்பது ஐயத்திற்குரியது.

நம் ஆராய்ச்சிக்கு உரியது இதன் பின்வரும் உறவுமுறைப் பட்டியலே. குற்றவாளிகளின் தம்பிமார், அவர்தம் மக்கள், அவர்தம் பிராமணிமார், பெற்றாள், பேரப்பன்மார், அவர்தம் மக்கள், இவர்களுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை வேட்டவர், தம் மகளிரை வேட்டவர். இடையிற் கல் சிறிது சிதைந்துளதேனும் போக்குத் தெளிவாகவே உள்ளது. இவ்வனைவர் உடைமையையும் கொட்டையூர்ப் பிரம ஸ்ரீராசன், புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டன் என்னும் இருவர் கண்காணிப்பில் விற்று, விலைப்பொருளைச் சேர்க்க வேண்டிய இடத்திற் சேர்க்க என்பது ஆணை.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை பெண்டிர் நிலையில் நின்று நோக்குக. ஆடவன் ஒருவன் குற்றஞ்செய்து குடி அழிந்தால் அக்குடிப் பெண் எங்குச் செல்வாள்? மனைவியாயின் தந்தை வீட்டிற்குச் செல்வாள். அவ்வீடு, பெண் கொடுத்த மாமன் என்ற முறையிற் பட்டியலில் உள்ளது. தாயாயின் தன் உடன்பிறந்தான் மனைக்குச் செல்வாள்; தாயோடு உடன்பிறந்த மாமன் எனத் தனியே எடுத்தோதப்பட்டு அம்மனையும் பட்டியலில் உள்ளது. அதுவும் இன்றேல் மகள் வீடு. மகளை வேட்டவனும், பேர்த்தியை வேட்டவனும் விடப்பட்டிலர். மருமகன் வீட்டில் உண்பது இழிவெனக் கருதிய தாய் ஒருத்தி இருந்திருப்பின், அவ்விழிவை ஏற்கும் வாய்ப்பும் அவளுக்கு எஞ்சவில்லை. பட்டியலை எழுதினோர் பெண்களைத் துன்புறுத்தும் நோக்குடன் எழுதினர் எனச் சொல்லுதற்கில்லை. துரோகியின் பொருள் உறவினர் கையில் ஒளிந்திருத்தல் கூடும். அவ்வழிகளை அடைப்பதே கருத்தாயிருந்திருக்கலாம். ஆயினும் நம் நாட்டில் பொருள் செல்லும் வழியும் பெண் செல்லும் வழியும் ஒன்றே. பெண் கொடுத்தும் பெண் கொண்டும் அமைந்த உறவு வழிகளை அடைத்தபோது, அவ்வழியே புகலிடம் தேடக் கூடிய பெண்டிர்க்கும் கதவுகள் அடைபட்டன.

பட்டியலின் இலக்கண அமைதி ஒன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. மக்களிது, பேரப்பன்மாரிது, மாமன்மாரிது என உடைமைப் பொருள்பட வரும் சொற்களுக்கிடையே ‘பெற்றாள்’ என்பது மட்டும் அவ்வுருபு பெறாது எழுவாய் வடிவில் நிற்கின்றது. ஏனையோரைப் பொறுத்தவரை அவர்தம் பொருள் பேசப்படுகின்றது. பெற்றவளைப் பொறுத்தவரை அவளே பேசப்படுகின்றாள். சொற்களை அடுத்துக் கல் பழுதுற்றிருத்தலானும், எழுதுவோர் வழுவும் உண்டாகலானும் இதனைப் பெரிதாகக் கொண்டு முடிபு கட்டுதல் கூடாது. ஆயினும் உறவுமுறைகளைத் தாய், அன்னை என்னாது ‘பெற்றாள்’ என்றே எழுதியமை கருதற்குரியது. குற்றவாளியை இவ்வுலகிற்குக் கொணர்ந்தவள் என்னும் பொருள் அச்சொல்லில் வெளிப்படையாகவே உள்ளது.

பொதுப்பட வந்த ஸ்ரீமுகம் முடிந்தபின் அவ்வூர் அளவில் அவ்வாணை நிறைவேறிய செய்தி தொடர்கின்றது. மலையனூரானாகிய பாப்பனச்சேரி ரேவதாசக் கிரமவித்தன், அவன் மகன், தாய் பெரிய நங்கைச் சாணி என மூவர் உரைக்கப்படுகின்றனர். சாணி என்பதனை இக்காலத்து வழக்கிற் கொண்டு நகையாடற்க. சோழர் காலத்து அந்தணப் பெண்டிர் பெயரின் இறுதியிற் பயின்று வரும் மதிப்புச் சொல் அது. ‘இவன் தாய்’ என்னும் தொடரிற் சுட்டுப்பெயர் யாரைக் குறித்தது என்பதில் இருவகை உரைக்கு இடமுண்டு. ரேவதாசனைச் சுட்டிற்றாயின் பெரிய நங்கை அவனைப் பெற்றவள். அவன் கொலைஞரோடு உடன்பிறந்த மலையனூரானே எனக் கொள்வார் கருத்துப்படி, உடன்பிறந்த நால்வரையும் ஒருத்தியே பெற்றிருப்பின், அந்நால்வர்க்கும் தாய். முன் நின்ற ‘மகன்’ என்பதனைச் சுட்டிற்றாயின் அவள் ரேவதாசனின் மனைவி, அச்சிறுவனின் தாய். மனைவியைக் குறித்தல் கருத்தாயின் ஸ்ரீமுகத்தில் வந்தாற்போலப் பிராமணி என்றே எழுதியிருத்தல் கூடுமாதலின் முன்னைய உரையே நேரிது என எமக்குத் தோன்றுகின்றது. எவ்வுரை கொள்ளினும் ஒன்று உறுதி. பட்டியலில் முறைப்பெயரால் மட்டும் அடங்கிய பெண்டிர் பலருள் இயற்பெயரோடு நமக்குக் கிடைப்பவள் இவள் ஒருத்தியே. அவளும் தாய் என்னும் முறையினாலேயே அங்கு வந்து நின்றாள்.

அவர்தம் நிலம் இரண்டே முக்கால் வேலிக்குச் சற்று மிகுதி; மனைகள் ஆறு. பரதன் எனப்பட்ட வியாழகசமல்லன் என்பான் அவற்றை 112 பொன் கொடுத்துப் பெருமக்களிடமிருந்து பெற்று, அனந்தீசுவரத்தில் நாள்தோறும் 15 பிராமணர் உண்ணும்படி அறமாக்கினான். கல்வெட்டுப் பொறிக்கப்பட்டதன் நோக்கமே இவ்வறத்தை நிலைபெறுத்தல். கொலைச் செய்தி அவ்வறத்திற்குரிய நிலம் எவ்வாறு வந்தது என்று காட்டுதற்பொருட்டு வந்த முன்னுரையே எனலாம்.

சோழர் காலத்து அந்தணப் பெண்டிர் தம் நிலத்தை விற்குமிடத்து முதுகண் எனப்படும் ஆடவர் ஒருவர் வாயிலாகவே விற்றனர் என்பதைக் கல்வெட்டுகள் பலவற்றிற் காண்கின்றோம். கணவனோ மகனோ உடன்பிறந்தானோ முதுகண்ணாக நின்று அவள் இசைவைப் பிறர்க்கு உரைப்பான். பெரிய நங்கையின் வழக்கில் முதுகண் இல்லை. முதுகண்ணாதற்குரியார் அனைவரும் அதே பட்டியலிற் சேர்ந்தவர். இசைவு கேட்கப்பட்ட குறிப்பும் இல்லை. விற்றது சபை, கொண்டவன் வேற்றூரான்.

இனித் தண்டனையின் அளவைக் காண்போம். அந்தணன் எக்குற்றம் செய்யினும் அவனைக் கொல்லலாகாது. பொருளுக்கு ஊறு செய்யாது நாட்டைவிட்டு அகற்றுக என்பது மனு நூலின் எட்டாம் இயலிற் காணும் விதி. உடையார்குடித் திருமுகமோ பொருளையே முதற்கண் பற்றுகின்றது. குற்றவாளிகள் கொல்லப்பட்டனரா, நாடு கடத்தப்பட்டனரா என்பது அதனிற் சொல்லப்படவில்லை. விதியின் ஒரு பாதியைக் காத்து மறுபாதியைக் கைவிட்டனர் என ஊகித்தால், கைவிட்ட பாதியே பெண்டிரைப் பற்றியது. கழுவேற்றப்பட்டவனோ நாடு கடத்தப்பட்டவனோ தன் குற்றத்திற்குத் தான் துன்புறுவான். விளைநிலமும் மனையும் போயின், அவற்றைச் சார்ந்திருந்தோர் துன்புறுவர்.

காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொலைக்கும் இவ்விற்பனைக்கும் இடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள் உள்ளன. இவ்விடைவெளியைக் கொண்டு உத்தமசோழன் குற்றவாளிகளைக் காத்தான் எனச் சிலரும், நடவடிக்கை முன்னரே தொடங்கி இராசராசன் காலத்தில் முற்றுப்பெற்றது எனச் சிலரும் உரைப்பர். தாயின் பக்கத்திலிருந்து நோக்கின் இரண்டும் வேறுபாடு உடையனவல்ல. கொலை நிகழ்ந்த நாளில் நடுவயதினளாயிருந்த பெண் இவ்விற்பனைக் காலத்தில் முதியவள். ரேவதாசனின் மகன் அந்நாளிற் பிறந்தேயிராதவனாகவும் இருக்கலாம்.

இனிக் கொலையுண்டவன் தாயைப் பற்றி ஆராய்வாம். அவள் வானவன் மாதேவி. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குடியிற் பிறந்தவள். சுந்தரசோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர்நீத்தபோது அவள் உடன் தீப்புகுந்தாள். இச்செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடும், திருக்கோவலூர் வீரட்டானத்தில் இராசராசனின் 27 ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட செய்யுட் கல்வெட்டும் கூறுகின்றன. பின்னது தமிழ் மாணவர் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. பாரி மகளிரை மணஞ்செய்து கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்த கல்லைக் குறிப்பதும் அதுவே. மலையமான் நாட்டில் நின்று பாடிய அப்புலவர், தம் நாட்டில் தீப்புகுந்த பாவலரையும் தம் நாட்டினின்று சென்று தீப்புகுந்த அரசியையும் ஒரே பாட்டில் வைத்தார். அரசி பால் உண்ணும் மகவை விட்டுப் பிரிந்தாள், கணவனை விட்டுப் பிரிந்திலள் என்பது அச்செய்யுள் தரும் புகழுரை.

அம்மகவின் பெயர் அங்கே இல்லை. மூத்த மகன் சில ஆண்டுகட்கு முன் கொலையுண்டான் என்ற குறிப்பும் இல்லை. திருவாலங்காட்டுப் புலவரோ வானுலகின் அரமகளிர் தன் கணவனை வயப்படுத்துவர் என அஞ்சி அரசி பின்தொடர்ந்தாள் எனக் கற்பனை செய்கின்றார். அவர் காட்டுவது கணவனைப் பிறர்க்கு விடாத மனைவியை.

தொல்காப்பியப் புறத்திணையியலிற் காஞ்சித்திணைத் துறைகளை நோக்குவார்க்கு இது வியப்பளிக்கும். மகன்பொருட்டுத் தாய் இறந்துபடுதலைத் தலைப்பெயல் நிலை என்றும், கணவனோடு தீப்புகுதலைப் பாலை நிலை என்றும், கணவனை இழந்து நோன்பிருத்தலைத் தாபத நிலை என்றும் ஆசிரியர் தனித்தனியே வகுத்துள்ளார். எனவே மகனை இழந்த தாயின் சாவைப் பாடத் தமிழில் துறை இல்லாமலில்லை. வானவன் மாதேவி இரண்டு துறைக்கும் உரியவள். இருவர் இறப்பும் சில ஆண்டுகளுக்குள் அவளை வந்தடைந்தன. பாடியோர் அவளைப் பாலை நிலையில் மட்டும் வைத்துத் தலைப்பெயல் நிலையை வாளா விட்டனர். காரணம் அறிதற்கரியதன்று. களத்தில் விழுப்புண்பட்டு வீழ்ந்த மகனைக் குறித்துத் தாய் பெருமிதத்தோடு அழலாம். புலவரும் அதனைப் பாடலாம். தன் குடையின்கீழ் அலுவல் பார்த்தவரால் வஞ்சனையிற் கொல்லப்பட்ட மகனைக் குறித்து அழுதால், அவ்வழுகை யார் செய்தது என்னும் வினாவையும் உடன் எழுப்பும். அரண்மனை அவ்வினாவை விரும்பியிராது.

அவளுடைய மகள் குந்தவையார், தம் தம்பி எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலில், பொன்மாளிகைத் துஞ்சின தேவர்க்கும் தம் தாய்க்கும் திருமேனிகள் எழுந்தருளுவித்து அணிகலன்களும் அளித்தார். அன்னை தீப்புகுந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்தது இது. தந்தைக்கும் தாய்க்கும் படிமம் சமைத்த அம்மையார் அங்கு எழுந்தருளுவித்தவற்றுள் கொலையுண்ட உடன்பிறந்தானின் திருமேனி காணப்படவில்லை. பால்குடி மகவொன்றை விட்டுச் சென்ற அன்னையைப் பற்றி அம்மகளார் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதைச் செப்புத்திருமேனியின் எடையும் அணியும் குறிக்கும் கல்வெட்டு நமக்குச் சொல்லாது. சொல்லும் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

மூன்றாவது தாய் செம்பியன் மாதேவியார். மழவர் குடியிற் பிறந்து சிவஞான கண்டராதித்தர்க்கு வாழ்க்கைப்பட்டு, 957 ஐ ஒட்டிக் கணவரை இழந்தவர். அந்நாளில் மகன் மதுராந்தகன் சிறு குழவி. அதனாலேயே அரசுரிமை கணவரின் தம்பி அரிஞ்சயனுக்கும், அவன் வழியே சுந்தரசோழனுக்கும் சென்றது. தொல்காப்பியர் வகுத்த தாபத நிலைக்கு இவ்வம்மையாரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு வரலாற்றிற் கிடைத்தலரிது. கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், ஆடுதுறை, விருத்தாசலம், திருக்கோடிகா, திருவாரூர் அரநெறி முதலிய இடங்களிற் கற்றளிகள் அவரால் எழுந்தன. திருநல்லத்திற் கணவர் இறைவனை வழிபடும் உருவத்தைக் கல்லிற் செதுக்குவித்தார். அவர் மருமக்களாகிய உத்தமசோழனின் தேவியர், மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் அன்னமிட அவர் பெயரால் அமைந்த ஊர்க்கோயிலில் அறம் வைத்தனர்.

கல்வெட்டுகள் இவ்வம்மையாரைக் குறிக்கும் தொடர், உத்தமசோழ தேவரைத் ‘திருவயிறு வாய்த்த’ பிராட்டியார் என்பது. பெற்றாள் என்பதும் திருவயிறு வாய்த்தவர் என்பதும் பொருளால் ஒன்றே. ஒன்று பறிமுதல் ஓலையிலும் மற்றொன்று திருப்பணிக் கல்வெட்டிலும் வந்தமையால் அவற்றிடையே உண்டான தொலைவு பெரிது. பெரிய நங்கைக்குத் தாய்மை கேடாயிற்று. செம்பியன் மாதேவியார்க்கு அதுவே பட்டமாயிற்று.

இவ்வம்மையார்க்கு இக்கொலை தந்த துன்பம் அவர் காலத்தில் எத்தகையது என்று வரையறுத்தல் கூடாதாயினும், இருபதாம் நூற்றாண்டில் அவர் மகன்மீது ஏற்றப்பட்ட பழி வெளிப்படை. சாஸ்திரியார் ஐயத்திற்குத் துணையாயது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் ஒரு பகுதி. மக்கள் வேண்டியும், தன் சிறிய தந்தை நாட்டை விரும்புமளவும் அருண்மொழி அரசை விரும்பிலன் என அது கூறும். இதனின்று உத்தமசோழன் அரசை விரும்பினான் என்பது பெறப்படும். கொலையை விரும்பினான் என்பது பெறப்படாது. அண்ணன் மகனாகிய தான் இருக்கத் தம்பி வழியினர் ஆள்வதைக் கண்டு வளர்ந்தவன் தன் உரிமையைக் கேட்டல் இயல்பே.

தாயரை முன்வைத்து நோக்கும்போது இவ்வழக்கிற் பிறிதொரு சான்றும் தோன்றுகின்றது. உடையார்குடித் திருமுகத்தை விடுத்த அதே அரசன், துரோகியின் பெற்றாளையும் மகனையும் விடாது பற்றியவன். உத்தமசோழன் அத்துரோகத்திற் பங்குடையவன் என அவன் கருதியிருப்பின், அவ்வுத்தமனின் தாயும் மகனும் அவ்வரசன் ஆட்சியில் எந்நிலையில் இருந்தனர்? மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் கோயிற் செயல்களை ஆராயும் உயர் அலுவலில் இராசராசனால் அமர்த்தப்பட்டிருந்தான். கோயிற் பொருளைக் கவர்ந்தோரைத் தண்டிக்கும் அதிகாரமும் அவனிடம் இருந்தது. தாயோ இராசராசனின் 16 ஆம் ஆட்சியாண்டாகிய 1001 இலும் திருவக்கரையிற் கற்றளி எடுப்பித்தார். அப்போதும் உத்தமசோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்னும் சிறப்பு அவரை விட்டு நீங்கவில்லை. உத்தமனின் பெயர் அரண்மனையில் வெறுக்கத்தக்கதாயிருந்திருப்பின், அவனைப் பெற்றமையைப் பட்டமாகக் கொண்டு ஒருவர் அவ்வரசனின் ஆட்சியில் கல்லிற் பொறிப்பித்திருத்தல் அரிது.

அரச குடிக்கு ஒரு நீதியும் அந்தணக் குடிக்கு ஒரு நீதியும் இருந்திருத்தல் கூடும் என ஒருவர் தடை நிகழ்த்தலாம். அத்தடை வலியுடையதே. அரண்மனைப் பூசலை வெளியே காட்டாது, கையில் அகப்பட்டாரைத் தண்டித்து அமைதல் அரசியலிற் புதிதன்று. ஆயினும் வெளிக்கு மதிப்புக் காட்டுதல் வேறு. கோயிற் பண்டாரங்களை ஆராயும் பொறுப்பைத் தருதல் வேறு. பின்னது நம்பிக்கையின்றி நிகழாது. எனவே உத்தமசோழன் குற்றமற்றவன் என மெய்ப்பிக்க இயலாதேனும், இராசராசன் அவனைக் குற்றவாளியாகக் கருதியிலன் என்னும் அளவிற்கு இச்சான்று செல்லும். பண்டாரத்தார் வேறு வழியிற் சென்றடைந்த முடிபிற்கு இஃதும் அரணாகும்.

மகன் 985 இல் ஆட்சி நீங்கியபின்னும் அம்மையார் குறைந்தது 16 ஆண்டுகள் வாழ்ந்தார். உடையார்குடி நிலம் விற்கப்பட்டது அவ்வாழ்நாளின் இடையிலேயே. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் அவர் திருப்பணி செய்த விருத்தாசலத்திற்கு மிகத் தொலைவிலுள்ள ஊரன்று. தம் கொழுந்தன் பேரனைக் கொன்றார் குடியினது நிலம் விலைபோன செய்தி அவர் செவிக்கு எட்டியிருக்கும். முதலாம் இராசேந்திரன் காலத்தில், செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கைலாசநாதர் கோயிலில் அவர்க்குத் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டு வழிபாட்டிற்கு நிவந்தம் அளிக்கப்பட்டது. வானவன் மாதேவியார்க்குத் தஞ்சையில் மகள் அளித்த நிவந்தம் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. அவ்விரண்டிற்கும் முந்தியது உடையார்குடி அறம். அதன்படி அனந்தீசுவரத்தில் நாள்தோறும் பதினைவர் உண்ட சோறு பெரிய நங்கைச் சாணியின் வயலில் விளைந்தது.